சேம அச்சு

வீடு நிலைத்து நிற்பது. வண்டி ஓடித் திரிவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, ஓடுகின்ற வீடு ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு நேற்று இன்று உண்டானதன்று. காட்டு வழியிலும் மணல் வழியிலும் இழுத்துச் சென்று, விரும்பிய இடத்தில் நிறுத்தி, அடுப்பு மூட்டி, உறங்கி எழுந்து வரத்தக்க பெட்டி ஒன்றைத் தம் கையாலேயே செய்துகொள்ளும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியிருக்கின்றது. ஆசிரியர்களாகிய நாங்கள் இருவர் அவ்வாசைக்கு ஆட்பட்டு, வண்ணாத்திவில்லில் அத்தகைய பெட்டி ஒன்றைச் செய்தோம். அதனைச் செய்யும்போது கற்றது சிறிது; அது உடைந்தபோது கற்றது பெரிது. அவ்விரண்டையும் இங்கே கூற விரும்புகின்றேன்.

நிலமும் வழியும்

புத்தளத்திலிருந்து வடக்கே எழுவன்குளம் நோக்கிச் செல்லும் வீதியில் உள்ளது வண்ணாத்திவில்லு. வண்ணாத்தி என்றதும் யாழ்ப்பாணத்தார் காதில் வண்ணாத்திப்பூச்சியின் நினைவே எழும். வில்லு என்பது மழைநீர் தேங்கி நிற்கும் ஆழமற்ற இயற்கைப் பள்ளத்தைக் குறிக்கும். மாரியில் அது குளம்; கோடையில் அதன் கரைகள் வெளுத்த மணல். இத்தகைய வில்லுகள் பல நிறைந்திருப்பதாலேயே அயலிலுள்ள பெருங்காடு வில்பத்து எனப் பெயர் பெற்றது என்பர். அக்காடு 1938ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது.

ஊரின் மண் செம்மண். மரமுந்திரிகைத் தோட்டங்களும் முட்புதர்களும் மாறிமாறி வரும். மேற்கே களப்பு, வடக்கே கலா ஓயா. ஒக்டோபர் தொடங்கி மழை விழுந்தால் செம்மண் சேறாகிச் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். கோடையில் அதே மண் பொடியாகிச் சக்கரத்தை விழுங்கும். யானைகளும் தம் விருப்பப்படி வழியைக் கடக்கும். தார் வீதிக்கெனச் செய்த வண்டி இங்கே செல்லாது. நிலத்தை அறிந்து செய்த வண்டியே செல்லும்.

உமணர் செய்த வண்டி

நிலத்தை அறிந்து வண்டி செய்தவர்கள் நம்மிடையே முன்னரே இருந்தார்கள். புத்தளம் உப்பு விளையும் பூமி. உப்பு வணிகராகிய உமணரைச் சங்க நூல் கற்றோர் அறிவர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உமணரின் வண்டியொன்று நம் கண்முன் ஓடுகின்றது. வண்டியில் கோழி அடையும் கூடு இருக்கின்றது. சிறிய உரல் தொங்குகின்றது. காடி நிறைந்த கலம் கயிற்றால் கட்டப்பட்டிருக்கின்றது. குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகின்றாள். அடுக்களையும் உணவறையும் தொட்டிலும் ஒரே அச்சின் மேல் அமைந்த வீடு அது. மேனாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று நாம் எண்ணுகின்ற பொருள், நம் புலவன் ஒருவன் போகிற போக்கில் பாடிச் சென்ற பழைமை.

இன்னொன்றும் உண்டு. உமணர் தம் வண்டியின் அச்சுக்குக் கீழே மற்றோர் அச்சைக் கட்டிச் செல்வர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். மேடும் பள்ளமும் எங்கே வரும் என்பதை யார் அறிவார்? அதனால் அவ்வாறு செய்தார்கள். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஒளவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை இச்சேம அச்சுக்கு ஒப்பிடுகின்றார். இப்பாட்டை வகுப்பறையில் நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கின்றேன். உவமையை விளக்கினேன், திணையையும் துறையையும் விளக்கினேன். ஆயினும் அச்சை மறந்தேன். எவ்வாறு மறந்தேன் என்பது பின்னே வரும்.

பழைய மாட்டு வண்டியின் சக்கரத்தையும் எண்ணிப் பாருங்கள். நடுவே குடம், அதிற் செருகிய ஆரக்கால்கள், அவற்றைச் சூழ்ந்த வட்டை, வட்டையின் மேல் இரும்புப் பட்டை. பட்டையைச் சக்கரத்தின் அளவிலும் சற்றுச் சிறிதாகவே செய்வர். நெருப்பிலிட்டுப் பழுக்கக் காய்ச்சினால் அது விரியும். விரிந்த நிலையில் வட்டைமேல் இறக்கி நீர் ஊற்றினால், சுருங்கி, மரத்துண்டுகள் அனைத்தையும் ஒருசேர இறுக்கிக்கொள்ளும். ஆணி வேண்டியதில்லை. ஆளின் மார்பை எட்டும் உயரமுடைய அச்சக்கரம் சிறு பள்ளங்களைத் தாண்டிச் சென்றுவிடும். சிறிய சக்கரமோ அவற்றுள் விழுந்துவிடும். நுகத்தைக் கயிற்றாற் பூட்டியதால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தாலும் எருதின் கழுத்து முறியாது. இவையெல்லாம் தச்சன் நூலிற் படித்தவையல்ல; நிலம் அவனுக்குச் சொன்னவை.

மேனாட்டிலே

மேனாட்டில், பிழைப்புக்காக அன்றி இன்பத்துக்காகவே ஓடும் வீட்டைச் செய்வித்தவருள் முதல்வராகக் கூறப்படுபவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் பிரித்தானியக் கடற்படை மருத்துவர். 1885இல் இரு குதிரைகள் இழுக்கும் வண்டியொன்றைச் செய்வித்து, அதற்கு ‘நாடோடி’ எனப் பொருள்படும் பெயரிட்டு, இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்து வரை சென்றார். காட்டு வழிக்குரிய பெட்டிக்கு வழிகாட்டியதோ போர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினரின் ஜீப் வண்டிக்கென ஒரு சிறு இழுவைப் பெட்டி செய்யப்பட்டது. அதன் சக்கரமும் ஜீப்பின் சக்கரமும் ஒன்றே. எனவே ஒரு மாற்றுச் சக்கரம் இரண்டுக்கும் உதவும். போர் முடிந்ததும் பொதுமக்கள் அப்பெட்டிகளை வாங்கிக் கூடாரம் கட்டி உல்லாசப் பயணம் போகலாயினர். நாங்கள் பின்பற்ற எண்ணியதும் அதனையே.

நாங்கள் செய்த பெட்டி

வண்ணாத்திவில்லுப் பகுதியில் பெட்டி என்றால் உழவு இயந்திரத்தின் பின்னே பூட்டுவது என்று பிள்ளையும் அறியும். அதனைச் செய்தும் திருத்தியும் பழகிய ஒட்டு வேலைத்தளம் ஒன்றையே நாடினோம். இரண்டு அங்குலச் சதுரக் குழாய் இரும்பினாற் சட்டம். பழைய வேன் ஒன்றின் பின் அச்சு. அதற்குரிய ஸ்பிரிங் தகடுகள். சட்டத்தின்மேல் ஒட்டுப்பலகையாற் சுவர். வெயிலின் கொடுமை நோக்கி, தகரக் கூரைக்கு மேலே ஓரிரு அங்குல இடைவெளி விட்டு இன்னொரு கூரை. பின்புறக் கதவு கீழ்நோக்கித் திறந்தால் அதுவே சமையல் மேசை.

இத்தகைய வேலையில் இறங்க விரும்புவோர் மனத்திற் கொள்ள வேண்டியவை சில உண்டு. முதலாவது, பெட்டியின் இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட அகலம் இழுக்கும் வண்டியின் அகலத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். அப்போதுதான் முன்சக்கரம் அழுத்திய தடத்திலே பின்சக்கரமும் செல்லும். இல்லையேல் மணலிற் புதிய தடம் வெட்டவே வண்டியின் வலுவெல்லாம் செலவாகும். இரண்டாவது, கொளுவி மூன்று திசையிலும் திரும்ப வேண்டும். நுகக் கயிறு முன்னர்ச் செய்த தொழிலை இன்று அதுவே செய்கின்றது. மூன்றாவது, பின்புறத்தின் அடிப்பகுதி மேல்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். இல்லையேல் பள்ளத்திலிருந்து ஏறும்போது நிலத்தில் உராயும்.

எல்லாவற்றினும் தலையானது பாரம். மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொளுவியின்மேல் அமைதல் வேண்டும். பெட்டி 500 கிலோ எனின் 50 கிலோவுக்குக் குறையாமல் முன்னே அழுத்த வேண்டும். பின்பாரம் மிகுந்தால் பெட்டி பாம்புபோல் நெளிந்து, இழுக்கும் வண்டியையும் தடுமாறச் செய்யும். நீரை நாம் பாரமாக எண்ணுவதில்லை. ஆனால் ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ. எனவே நீர்த்தொட்டியை அச்சுக்கு நேர் மேலே, தாழ்வாக வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் படித்திருந்தும் நாங்கள் 100 லீற்றர்த் தொட்டியைப் பின்புறத்தில் வைத்தோம். சமையல் மேசை அங்கே இருந்தது என்பதே காரணம். எரிவாயுச் சிலிண்டர், மின்கலம், மடக்கு நாற்காலிகள், இரும்பு அலமாரி, இவற்றோடு புத்தகங்கள் நிறைந்த பெட்டியும் ஒன்று. ஆசிரியர் அல்லவா? 500 கிலோவுக்கெனத் திட்டமிட்டது 700ஐத் தாண்டி நின்றது. தாண்டியது பின்னரே தெரிந்தது.

உடைந்த இடத்தில்

வில்பத்துக் காட்டினுள் விரும்பிய இடத்திலே தங்க முடியாது. வனசீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய இடங்களில் அனுமதி பெற்றே தங்கலாம். ஆதலால் நாங்கள் காட்டை நாடாமல், களப்புப் பக்கமாக உள்ள அன்பர் ஒருவரின் மரமுந்திரிகைத் தோட்டத்துக்குப் புறப்பட்டோம். மணல் ஓடையொன்றைத் தாண்டி ஏறுகையில் பெரிய ஓசை எழுந்தது. இறங்கிப் பார்த்தால் இடப்பக்கத்து முதன்மைத் தகடு இரண்டாக முறிந்திருந்தது. அச்சு பின்னே நகர்ந்து, சக்கரம் பெட்டியில் உராய்ந்து நின்றது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆடுகளை ஓட்டி வந்த முதியவர் ஒருவர் சற்று நின்று, குனிந்து, பெட்டியின் அடியைப் பார்த்தார்.

“மிச்சத் தகடு ஒண்டு கொண்டு வந்தீங்களா, மாஸ்டர்?”

“இல்லை, நானா.”

“கயிறு?”

“அதுவும் இல்லை.”

“அப்ப என்னத்தைத்தான் ஏத்திக்கிட்டு வந்தீங்க?”

அவர் எள்ளிக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். எனக்கோ ஒளவையாரே நேரில் வந்து கேட்டதுபோல் இருந்தது. பெட்டிக்குள்ளே புத்தகங்களின் நடுவில் புறநானூறும் இருந்தது!

முதியவர் அருகிற் கிடந்த பாலைமரக் கட்டை ஒன்றைத் தேர்ந்தார். நாங்கள் பெட்டியை உயர்த்திப் பிடிக்க, அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே அதனைச் செருகினார். தம் வீட்டிலிருந்து பேரனை அனுப்பிக் கயிறு வருவித்து இறுக்கிக் கட்டினார். பின்னர் நீரைத் திறந்துவிடச் சொன்னார். 100 லீற்றர் நீரும் மணலில் ஓடி மறைந்தது. பெட்டி மெல்லத் தோட்டம் போய்ச் சேர்ந்தது.

முற்றத்தில் நின்ற வண்டி

மாலையில் அவரோடு தேநீர் பருகினோம். அவர் வடக்கே முசலிப் பகுதியைச் சேர்ந்தவர். இளமையில் சொந்தமாகக் கூட்டு வண்டி வைத்திருந்தார். நெல்லையும் விறகையும் ஏற்றிச் சென்று, இரவில் வண்டியின் கீழே சாக்கு விரித்து உறங்கியவர். அச்சு, கடையாணி, கயிறு, எண்ணெய் இவையே முதலில் ஏறும். மற்றவையெல்லாம் பிறகு என்றார்.

“அந்த வண்டி இப்போது எங்கே?” என்று என் நண்பர் கேட்டார்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில், விடுதலைப் புலிகளின் கட்டளையால் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவ்வாறு வெளியேறியோர் 70,000க்கு மேற்பட்டோர்; அவருட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலே தஞ்சம் புகுந்தனர். தமிழ் பேசும் மக்களைத் தமிழ் பேசுவோரே துரத்திய அந்நிகழ்ச்சியை எண்ணும்போது, தமிழாசிரியனாகிய எனக்குத் தலை குனிகின்றது. முதியவர் தம் மனைவி மக்களோடு படகேறிக் கற்பிட்டியில் இறங்கினார். எருதுகளை அவிழ்த்து விட்டார். வண்டி முற்றத்திலே நின்றது.

வேண்டுமிடத்துக்கு வீட்டையே கொண்டு செல்லும் வண்டி அது. ஆயினும் போகவேண்டிய நாளில் அதனைக் கொண்டுபோக முடியவில்லை. கிடுகுக் கொட்டிலில் ஆண்டுகள் கழிந்தன. 2009இல் போர் முடிந்தபின் ஒருமுறை போய்ப் பார்த்தாராம். வளவு காடாகியிருந்தது. கிணறு மட்டும் இருந்தது.

இதைச் சொல்லிவிட்டு எங்கள் பெட்டியைச் சுற்றி வந்தார், கதவைத் திறந்து மூடினார், ஒட்டுப்பலகையைத் தட்டினார்.

“நல்லாத்தான் செஞ்சிருக்கிறீங்க. உங்களுக்கு வீடு இருக்குத்தானே, மாஸ்டர்?” என்றார்.

“இருக்கிறது, நானா” என்றேன். அதற்குமேற் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. வீடுடையவன் வீட்டை விட்டுச் சில நாள் வெளியே உறங்கினால் அது உல்லாசம். வீடிழந்தவனுக்கு அதே கூடாரம், அதே மண், அதே வானம் வேறு பொருள் தருகின்றன. இவ்வூரில் கூடாரம் என்னும் சொல்லை உச்சரிப்பவன் இவ்விரு பொருளையும் அறிந்து உச்சரித்தல் வேண்டும். இதனால் உல்லாசப் பயணம் தவறு என்று ஆகாது. திரும்பிச் செல்ல ஒரு வீடு இருப்பது எத்துணைப் பெரிய பேறு என்பதை உணர்ந்து புறப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

பின்னர் பெட்டியைத் திருத்தினோம். தொட்டி அச்சுக்கு மேலே வந்தது. அதுவும் 60 லீற்றராகக் குறைந்தது. அலமாரி போயிற்று. புத்தகப் பெட்டியிலிருந்து இரண்டே நூல்களை எடுத்துக்கொண்டோம். சட்டத்தின் கீழே ஒரு மாற்று ஸ்பிரிங் தகட்டையும் நல்ல கயிற்றையும் நிலையாகக் கட்டினோம். பாலைக் கட்டையை எறிய மனம் வரவில்லை. அதுவும் அங்கேயே இருக்கின்றது.

வரும் விடுமுறையில் முதியவரையும் அழைத்துக்கொண்டு முசலிப் பக்கம் சென்றுவர எண்ணியிருக்கின்றோம். அவர் வளவில், அந்தக் கிணற்றடியில், ஓரிரவு தங்குவதாகத் திட்டம். என்னென்ன ஏற்ற வேண்டும் என்று அவரைக் கேட்டோம். அவர் முதலிற் சொன்னது கயிறு.