மிளகுக்கு நிழல் போதும், இருட்டு ஆகாது

அறப்பளீஸ்வரரைப் பார்க்க வளப்பூர் நாடு போகிறவர்கள், திரும்பும்போது மிளகு நாற்று ஒன்றும் வாங்கி வருவதுண்டு. ‘நிழல்ல வளர்றதுதானே’ என்று அதை ஹால் மூலையில் வைத்துவிட்டால் கொடி நீளும், சரம் பிடிக்காது.

கொல்லிமலையில் மிளகு ஏறுவது சில்வர் ஓக் மரத்தில். அதன் இலை சல்லடை மாதிரி. வெயிலைச் சலித்துத்தான் கீழே விடும். நிழல் அடர்ந்தால் கிளையைக் கழித்து விடுவார்கள். அதுவும் மழைக்கு முன்பே, வானம் மூடிக்கொள்ளும் நாட்களுக்காக.

வீட்டில் கிழக்குப் பார்த்த பால்கனிதான் தோது. காலை வெயில் படட்டும். உச்சிவெயிலில் இலை கருகும். மேற்குப் பக்கம்னா நிழல்வலை கட்டுங்க. பகலில் செடி மேல் கையை நீட்டிப் பாருங்கள்: நிழல் ஓரம் மங்கலாக விழுந்தால் சரி, நிழலே விழாவிட்டால் இடம் மாற்றணும். நாற்று வாங்கும்போது, காய்க்கும் பக்கக் கிளையில் எடுத்த புதர் மிளகா என்று கேளுங்கள்; தொட்டியில் காய்ப்பது அதுதான்.