ஆயில் என்ஜின் ஏன் எண்ணெய் கக்குகிறது?

பாக்கிங் மாற்றியும் ஒழுகுகிறதா? பிரீதரைப் பாருங்கள்!

தக்காளி காய் பிடிக்கும் நேரம். கொட்டகையில் ஆயில் என்ஜின் "டுக்! டுக்!" என்று ஓடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறது. ஆனால், என்ஜினுக்கு அடியில் கறுப்பாக எண்ணெய் தேங்கி நிற்கிறது!

தர்மபுரி மாவட்டத்தில், பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து விவசாயிகளுக்கு இந்தத் தொல்லை தெரியும். அங்கே பாறையை வெட்டித் தோண்டிய கிணறுகள் அதிகம். மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்துக்குப் பிறகு வந்தது ஆயில் என்ஜின். மின்சார மோட்டார் வந்ததும் பல என்ஜின்கள் மூலைக்குப் போயின. மின் இணைப்பு இல்லாத கிணறுகளில் அவை இன்னும் உழைக்கின்றன.

மெதுவாகச் சுற்றும் இந்த ரக என்ஜினின் பிறந்த வீடு இங்கிலாந்து. டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி 1930-ம் ஆண்டு வாக்கில் இதைச் செய்யத் தொடங்கியது. பின்னால் வந்த மாதிரிக்கு 6 குதிரை சக்தி, நிமிடத்துக்கு 650 சுற்று. அதே மாதிரியில் குஜராத்தில் உள்ள ராஜ்கோட்டில் ஏராளமாகச் செய்தார்கள்.

என்ஜினின் மூக்கு

எண்ணெய் கசிந்தால், "பாக்கிங் போய்விட்டது" என்று உடனே ஸ்பானரை எடுப்பார்கள். பல சமயம் பாக்கிங் மீது குற்றமே இராது!

பிஸ்டன் கீழே இறங்கும்போது, எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கும் காற்று நெருக்கப்படுகிறது. அது வெளியேற ஒரு சிறு வழி உண்டு. அதன் பெயர் பிரீதர். என்ஜினின் மூக்கு என்றே சொல்லலாம். லிஸ்டர் ரகத்தில், தொட்டியின் பக்கக் கதவில் இது இருக்கும். உள்ளே ஒரு மெல்லிய தகடு. காற்றை வெளியே விடும். திரும்ப உள்ளே விடாது. ஆகவே தொட்டிக்குள் காற்றின் அழுத்தம் குறைந்திருக்கும். எண்ணெய் வெளியே வராது.

புழுதி படிந்து தகடு ஒட்டிக்கொண்டால்? காற்று கிடைத்த இடுக்கில் எல்லாம் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரும். எத்தனை பாக்கிங் மாற்றினாலும் ஒழுகும்.

என்ஜினை நிறுத்தி, சூடு ஆறிய பிறகு பிரீதரைக் கழற்ற வேண்டும். டீசலில் கழுவித் துடைக்க வேண்டும். தகடு வளைந்திருந்தால் புதிது போட வேண்டும். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் கசியும். அதையும் பார்த்துவிட வேண்டும்.

பவுடர் சோதனை

பிறகும் கசிந்தால், என்ஜினை நன்றாகத் துடைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரைத் தூவ வேண்டும். (வீட்டில் கோபித்துக்கொண்டால் சாக்குக்கட்டித் தூள் போதும்!) சிறிது நேரம் ஓட்டினால், முதலில் எங்கே ஈரமாகிறதோ அதுதான் ஓட்டை. அங்கே நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, ஒரே சீராக முடுக்க வேண்டும். ஓடும் என்ஜினைத் துடைக்கவே கூடாது. வேட்டி நுனியோ முந்தானையோ பெல்ட்டில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்!

கரண்டிக்கு எட்டாது

"சொட்டுத்தானே" என்று விட்டுவிடுவதில்தான் ஆபத்து. பழைய ரகத்தில் பிஸ்டன் தண்டின் அடியில் கரண்டி போன்ற ஒரு துண்டு உண்டு. அது எண்ணெயை அள்ளி உள்ளே தெளிக்கும். எண்ணெய் மட்டம் இறங்கினால் கரண்டிக்கு எட்டாது. பேரிங் சூடேறி என்ஜின் இறுகிவிடும். பயிர் காயும்.

ஊற்றாமலே எண்ணெய் மட்டம் ஏறினால் அது இன்னும் மோசம். டீசல் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். அளவுக் குச்சியை முகர்ந்தாலே தெரியும். என்ஜினை உடனே நிறுத்தி, டீசல் கசியும் இடத்தைச் சரிசெய்து, எண்ணெயை மாற்ற வேண்டும்.

பிரீதர் சுத்தமாக இருந்தும் அதன் வழியே குபுகுபுவென்று புகை வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அதற்கு மெக்கானிக்தான் வர வேண்டும்.