மாற்று அபேட்சகரும் விருப்பு வாக்கும்

ஒரு வாக்காளன் தான் உடன்படாத கட்சியை எதிர்ப்பது எளிது. தான் நம்பிய கட்சியே தன் கொள்கையினின்று வழுவுமாயின் அவன் யாது செய்வான் என்பதே அரிய வினா. இலங்கையில் இடதுசாரிக் கொள்கையில் ஈடுபாடு கொண்டோர், அவருள்ளும் தமிழ் பேசும் மக்கள், இவ்வினாவைப் பன்முறை எதிர்நோக்கியுள்ளனர். அவர்க்குச் சட்டம் திறந்து வைத்துள்ள வழி யாது, அதனை அவர் எவ்வளவு பயன்படுத்தினர் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

1935இல் தோன்றிய லங்கா சமசமாசக் கட்சி, இலங்கையின் பழைய இடதுசாரிக் கட்சிகளுள் முதன்மையானது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அக்கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அதனை எதிர்த்து வாக்களித்தன. 1964இல் சமசமாசக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசிற் சேர்ந்தது, என். எம். பெரேரா நிதியமைச்சரானார். 1966 சனவரியில் தமிழ் மொழி ஒழுங்குவிதிகள் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, பத்தாண்டுக்கு முன் சம உரிமை பேசிய கட்சிகள் அவற்றை எதிர்த்தோர் வரிசையில் நின்றன. 1972இன் அரசியலமைப்பை ஆக்கும் பொறுப்பு அமைச்சராயிருந்த கொல்வின் ஆர். டி சில்வாவிடமே இருந்தது. அவ்வமைப்பு சிங்களத்தை ஆட்சிமொழியாக உறுதி செய்தது. சிறுபான்மையோர்க்குக் காப்பாயிருந்த சோல்பரி அமைப்பின் 29ஆம் பிரிவோ அதில் இடம்பெறவில்லை. 1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இவ்விரு கட்சிகளும் ஓர் ஆசனமேனும் பெறவில்லை.

இவ்வாறு மனமுறிவுற்ற வாக்குகள் எங்கே சென்றன? 1982ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் இதற்கு ஒரு விடை தருகின்றது. அத்தேர்தலில் கொல்வின் ஆர். டி சில்வா 58,531 வாக்குகளே பெற்றார். பழைய இடதுசாரி மரபுக்குப் புறத்தே நின்ற ரோகண விஜேவீர 2,73,428 வாக்குகளைப் பெற்றார். சமசமாசக் கட்சியினின்று பிரிந்தோர் சார்பில் நின்ற வாசுதேவ நாணயக்கார 17,005 வாக்குகளைப் பெற்றார்.

புறத்தே நிற்கும் அபேட்சகரை ஆதரிப்பதற்கு எதிராகக் கூறப்படும் காரணம் ஒன்றே. வெல்ல இயலாதவர்க்கு இடும் வாக்கு வீணாவதோடு, மிகத் தீயவரென நாம் கருதுபவரை வெல்லவும் செய்யும் என்பதே அது. இக்கூற்று முற்றும் பொய்யன்று. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் புளோரிடா மாநிலத்தில் முதலிருவர்க்குமிடையே இருந்த வேறுபாடு 537 வாக்குகள். அங்கே மாற்று அபேட்சகரான ரால்ஃப் நேடர் பெற்றனவோ 97,000க்கு மேற்பட்டவை. ஒரே ஒருவர்க்கு மட்டும் வாக்களிக்கும் முறையில் இவ்வச்சம் நியாயமானதே.

ஆயின், இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல் முறை அத்தகையதன்று. மூவர்க்கு மேற்பட்டோர் போட்டியிடின், வாக்காளர் 1, 2, 3 என மூவர்க்குத் தம் விருப்பை வரிசைப்படுத்திக் குறிக்கலாம். செல்லுபடியான வாக்குகளிற் பாதிக்கு மேல் ஒருவரும் பெறாவிடின், முதலிருவர் நீங்கலாக ஏனையோர் யாவரும் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவர்க்கு இட்ட வாக்குச்சீட்டில் 2ஆம் விருப்பு அவ்விருவருள் ஒருவர்க்குரியதாயின் அது அவர் கணக்கிற் சேரும். அன்றேல் 3ஆம் விருப்பு நோக்கப்படும். ஆதலின், தம் மனத்துக்கு உகந்தவர்க்கு முதலிடமும், தீமை குறைந்தவரெனத் தாம் கருதுபவர்க்கு அடுத்த இடமும் ஒரே சீட்டில் அளித்தல் கூடும். அவ்வாறு செய்வோனுக்கு வாக்கு வீணாகும் என்னும் அச்சம் பெரிதும் நீங்குகின்றது.

எனினும், சட்டம் தந்ததை மக்கள் எவ்வளவு கைக்கொண்டனர்? 1982 முதல் 2019 வரை வென்றவர் யாவரும் முதற்கணக்கிலேயே பாதியைக் கடந்தமையால் விருப்பு வாக்குகள் எண்ணப்படவில்லை. 2024 செப்டெம்பரிலேயே முதன்முறையாக அவை எண்ணப்பட்டன. அநுர குமார திசாநாயக்க 56,34,915 வாக்குகளும் சஜித் பிரேமதாச 43,63,035 வாக்குகளும் முதலிற் பெற்றனர். ஏனையோர்க்கு இடப்பட்டவை ஏறத்தாழ 33 இலட்சம். அவற்றுள் 1,05,264 அநுரவுக்கும் 1,67,867 சஜித்துக்கும் சென்றன. அஃதாவது, நூற்றுக்கு எட்டு அளவிலான சீட்டுகளே இறுதித் தீர்ப்பிற் பங்குகொண்டன. ஏனைய முப்பது இலட்சம் வாக்காளருட் சிலர் இருவரையும் வேண்டாமென்றே விட்டிருக்கலாம். அஃது அவர் உரிமை. அறியாமையால் விட்டோரின் இழப்பே வருந்தத்தக்கது.

இவ்வசதி பாராளுமன்றத் தேர்தலுக்கு இல்லை என்பதும் உணரத்தக்கது. அங்கே விருப்பு வாக்கு ஒரே கட்சியின் பட்டியலுக்குள் அடங்குவது. கட்சி விட்டுக் கட்சி செல்லாது. மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பெறாத கட்சியோ சுயேச்சைக் குழுவோ ஆசனப் பங்கீட்டில் இடம்பெறாது. முன்னர் இவ்வெல்லை பன்னிரண்டரையாக இருந்தது, 1988இல் எம். எச். எம். அஷ்ரப்பின் வற்புறுத்தலால் ஐந்தாகக் குறைக்கப்பட்டது. ஆகவே ஏழு ஆசனங்கொண்ட திகாமடுல்ல மாவட்டத்தில் மாற்று அணியை ஆதரிப்போர், அவ்வணி ஐந்து விழுக்காட்டைத் தாண்டுமா என்று கணக்கிடல் வேண்டும்.

மேலும், புறத்தே நிற்றல் ஒன்றே தகுதியாகாது. விஜேவீரவின் கட்சி 1971இலும் 1987 முதல் 1989 வரையிலும் ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது. 1982இல் மாற்று அபேட்சகராய் நின்ற வாசுதேவ நாணயக்கார, பின்னாளில் மகிந்த ராசபக்சவின் அரசில் அமைச்சரானார். விஜேவீர தொடங்கிய கட்சியைத் தலைமையாகக் கொண்ட அணி, 2019இல் 3.16 விழுக்காடு பெற்று, ஐந்தாண்டில் ஆட்சியையே கைப்பற்றியது. நேற்றுப் புறத்தே நின்றவர் இன்று அகத்தே இருப்பர். அவரையும் பழையோரை அளந்த கோலாலேயே அளத்தல் முறை. வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓரதிகாரமே வகுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

மருதமுனை நெசவாளர்க்கு நூல் விலையும், அவர்தம் மக்களுக்குத் தாய்மொழியில் அரச கருமமும் ஒருங்கே வேண்டும். அவ்விரண்டையும் சேர்த்துப் பேசும் ஒருவர் முன்வரின், அவர் வெல்லார் என்பதற்காக மட்டும் அவரைக் கைவிட வேண்டுவதில்லை. மூன்று எண்களை எவ்வாறு இடுவதென மாணவர்க்கும், அவர் வாயிலாகப் பெற்றோர்க்கும் கற்பித்தல் ஒரு பாடவேளையில் முடியும் பணி. எவர்க்கு இடுவதென்பது அவரவர் மனச்சான்றுக்குரியது. இடும் முறையை அறிவித்தலோ கற்றோர் கடன்.