ஆய்வரங்க உரை: திட்டமிடலும் ஒழுங்கமைப்பும் – மதுரைத் தமிழிக் கல்வெட்டாய்வை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கருத்தரங்கில் வழங்கப்படும் ஆய்வுரை, எழுதப்பட்ட கட்டுரையின் வாசிப்பு வடிவம் அன்று. அது கேட்போரை நோக்கித் தனியே திட்டமிடப்பட வேண்டிய வடிவம். இக்கருத்தை முன்வைக்கும் இக்கட்டுரை, தமிழ் இலக்கண மரபில் பாயிரம், உத்தி, வினா-விடை ஆகியன பற்றி அமைந்துள்ள சிந்தனைகளை இன்றைய ஆய்வரங்கத் தேவையோடு பொருத்திக் காட்டுகிறது. மதுரைச் சுற்றுப்புறக் குகைத்தளக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என நிறுவிய கே.வி. சுப்பிரமணிய ஐயரின் வாதத்தைச் சான்றாகக் கொண்டு, பத்து நிமிட உரை ஒன்றைத் திட்டமிடும் முறையை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆய்வரங்க உரை, பாயிரம், உத்தி, தமிழி, மாங்குளம், வாய்மொழித் தேர்வு.

முன்னுரை

மதுரை ஆய்வரங்குகளின் நகரம். 1901ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கமும், 1981ஆம் ஆண்டு சனவரியில் இந்நகரில் நிகழ்ந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடும் அதன் அண்மைக்கால அடையாளங்கள். இன்று கே.கே. நகரை ஒட்டிய டாக்டர் தங்கராஜ் சாலையில் அமைந்துள்ள உலகத் தமிழ்ச் சங்க வளாகம் ஆய்வாளர்கள் கூடும் களமாக விளங்குகிறது. இத்தகைய அரங்குகளில் கட்டுரை வழங்குவது முனைவர்பட்ட ஆய்வாளர் ஒவ்வொருவரின் ஆய்வு வாழ்விலும் இன்றியமையாத ஒரு கட்டம்.

எனினும், அரங்கில் கட்டுரை எவ்வாறு முன்வைக்கப்படுகிறது என்பது போதிய கவனம் பெறவில்லை. எட்டுப் பக்கக் கட்டுரையை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்குவதும், ஆய்வின் பின்புலத்தை விவரிக்கும்போதே அமர்வுத் தலைவரின் மணி ஒலிப்பதும், எஞ்சிய பக்கங்களைப் புரட்டிவிட்டு நன்றி கூறி அமர்வதும் தமிழ் ஆய்வரங்குகளில் பழகிப்போன காட்சிகள். அவ்வாறு முடியும் உரையில் கேட்போர் அறிய வேண்டிய முடிவு மட்டும் விடுபட்டுப்போகிறது. பல மாத உழைப்பின் பயனை அவை அறியாமலே கலைகிறது. இவ்விழப்பைத் தவிர்க்கும் வழிமுறைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுரையின் இன்றைய தேவை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், ஆய்வேட்டை அளிக்கும் முன் கருத்தரங்குகளில் இரு கட்டுரைகளை வழங்கியிருத்தலைக் கட்டாயமாக்கியிருந்தன. 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் அக்கட்டாயம் இடம்பெறவில்லை. ஆயினும் பருவந்தோறும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் ஆய்வின் முன்னேற்றத்தை எடுத்துரைத்தல், ஆய்வேட்டை அளிப்பதற்கு முன் நிகழும் உரை, பொது வாய்மொழித் தேர்வு ஆகியன தொடர்கின்றன. சான்றிதழுக்காகக் கட்டுரை வாசிக்கும் தேவை குறைந்துள்ளது. ஆய்வை விளங்க எடுத்துரைக்கும் தேவை குறையவில்லை. கருத்தரங்க உரையை இவற்றுக்கான பயிற்சிக்களமாகக் கொள்வது பொருத்தமுடையது.

தமிழ் மரபில் அவையும் உரையும்

நூலை அவையின் முன் வைத்து அதன் ஏற்பைப் பெறுதல் தமிழில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறிய செய்தியைப் பனம்பாரனார் பாயிரம் தெரிவிக்கிறது. இறையனார் களவியல் உரை கூறும் மரபுக்கதையில், மதுரைப் புலவர்கள் ஒவ்வொருவராகத் தம் உரையை எடுத்துரைக்க, அவற்றைக் கேட்டு மெய்யுரையைத் தெரிந்து காட்டும் பொறுப்பு உருத்திரசன்மனிடம் விடப்படுகிறது. இக்கதையின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், உரையின் தகுதி கேட்போரிடத்தில் உறுதிப்படுகிறது என்னும் எண்ணம் அதில் வெளிப்படுகிறது.

திருக்குறளில் அமைச்சியல் பத்து அதிகாரங்களைக் கொண்டது. அவற்றுள் சொல்வன்மை (65), அவையறிதல் (72), அவையஞ்சாமை (73) ஆகிய மூன்றும் பேச்சையும் அவையையும் பற்றியவை. அவையறிதல் முன்னும் அவையஞ்சாமை பின்னும் வைக்கப்பட்டிருக்கும் முறை கருதத்தக்கது. கேட்போர் யாவர், அவர்கள் எதை அறிந்தவர்கள், எதை அறிய விரும்புவர் என்பதை முன்கூட்டி அறிந்தவருக்கு அச்சம் குறையும். மேடை அச்சத்தைத் துணிவின்மையாக மட்டும் கருதி ஊக்கமொழி கூறுவதைவிட, திட்டமிடலின் குறைவாகக் கருதித் திருத்துவது பயன் தரும்.

பவணந்தி முனிவரின் நன்னூல் இதற்குரிய கருவிகளை வகுத்துத் தருகிறது. ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, கூறும் பொருள், கேட்டற்குரியோர், பயன் என எட்டுச் செய்திகளைச் சிறப்புப்பாயிரத்திற்கு அது உரியனவாக்குகிறது. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் அவற்றோடு சேர்த்துக் கூறுவாரும் உளர் என்கிறது. உரையைத் தயாரிக்கும் ஆய்வாளர் இவற்றுள் குறிப்பாக நான்கனுக்கு ஒவ்வொரு தொடரில் விடை எழுத வேண்டும். எதைப் பற்றிய உரை? யாருக்காக? அவர்களுக்கு என்ன பயன்? எந்தக் களத்தில், எவ்வளவு நேரத்தில்? இந்நான்கு விடைகளும் தெளிவுபடாத நிலையில் படவில்லைகளை உருவாக்கத் தொடங்குதல் ஏற்றதன்று.

சான்று: மாங்குளம் கல்வெட்டும் 1924ஆம் ஆண்டு உரையும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் தனித்து நிற்கும் குன்றுகள் பலவற்றில் தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. மாங்குளம், ஆனைமலை, அழகர்மலை, திருப்பரங்குன்றம், கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம், கருங்காலக்குடி ஆகியன அவற்றுட் சில. மாங்குளம் கல்வெட்டை 1882ஆம் ஆண்டு இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். எழுத்து பிராமி வகையைச் சார்ந்தது என்பது விளங்கியபோதும், மொழி எது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. 1919ஆம் ஆண்டு புனேயில் நடைபெற்ற முதல் அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் எச். கிருஷ்ண சாஸ்திரி இக்கல்வெட்டுகள் குறித்துக் கட்டுரை வழங்கினார். 1924ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற மூன்றாம் மாநாட்டில் பாண்டிய நாட்டின் தொன்மைச் சின்னங்களையும் அவற்றின் கல்வெட்டுகளையும் பற்றிக் கட்டுரை வழங்கிய கே.வி. சுப்பிரமணிய ஐயர், அவற்றின் மொழி தமிழே என்பதை நிறுவினார்.

அவருடைய வாதத்தின் அமைப்பு ஆய்வுரைக்கு நல்ல முன்மாதிரி. வினா ஒன்று: இக்கல்வெட்டுகளின் மொழி எது? அதனைத் தாங்கும் சான்றுகள் இரண்டு. முதலாவது, வடமொழிக்கும் பிராகிருதத்திற்கும் உரிய வல்லோசை எழுத்துகளும் மூச்சொலி எழுத்துகளும் இவற்றில் பெரும்பாலும் காணப்படாமை. இரண்டாவது, தமிழுக்குச் சிறப்பாக உரிய ழ, ள, ற, ன ஒலிகளுக்குத் தனி வரிவடிவங்கள் இடம்பெற்றிருத்தல். முடிவு ஒன்று: மொழி தமிழ். பிற்காலத்தில் ஐராவதம் மகாதேவன் மாங்குளக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்னும் பெயரைப் படித்தறிந்து, இவ்வாய்வை அடுத்த நிலைக்கு எடுத்துச் சென்றார்.

வினா, சான்று, முடிவு ஆகிய மூன்றையும் ஒரே தொடரில் கூற இயலுவது இவ்வாதத்தின் வலிமை. ஓர் ஆய்வாளர் தம் கட்டுரையின் மையத்தை இவ்வாறு ஒரு தொடரில் கூற இயலாவிடில், குறை உரையின் அமைப்பில் இல்லை. ஆய்வின் மையம் இன்னும் தெளிவுபடவில்லை என்பதே பொருள். உரையைத் திட்டமிடுதல் ஆய்வையே சோதிக்கும் வாய்ப்பாகவும் அமைவது இவ்வகையில்தான்.

பத்து நிமிட உரையின் அமைப்பு

மேற்கண்ட வாதத்தைப் பத்து நிமிட அமர்வொன்றில் இன்றைய ஆய்வாளர் விளக்குவதாகக் கொண்டால், உரையைப் பின்வருமாறு பகுக்கலாம்.

1. வினா (1 நிமிடம்): குகைத்தளக் கல்வெட்டுகளின் மொழி எது என்பதை நேரடியாகக் கூறி, உரை எட்டவிருக்கும் முடிவையும் தொடக்கத்திலேயே அறிவித்தல். நன்னூல் கூறும் நுதலிப்புகுதல் என்னும் உத்தி இதற்குப் பொருந்தும்.

2. பின்புலம் (1 நிமிடம்): 1882, 1919, 1924 ஆகிய மூன்று ஆண்டுகளைக் கொண்டு ஆய்வு வரலாற்றைச் சுருக்குதல். இது தொகுத்துச் சுட்டல்.

3. சான்றுகள் (5 நிமிடம்): மாங்குளக் கல்வெட்டின் ஒளிப்படத்தையும் மைப்படியையும் காட்டி, நெடுஞ்செழியன் என்னும் பெயரில் ழகர, னகர வடிவங்களையும், பள்ளியைக் குறிக்கும் சொல்லில் ளகர வடிவத்தையும் விரல் வைத்துச் சுட்டுதல். இது வகுத்துக் காட்டல். உரையின் பாதி நேரம் இப்பகுதிக்கு உரியது.

4. மறுப்பு (1 நிமிடம்): இதே கல்வெட்டில் தம்மம் என்னும் பிராகிருதச் சொல் வருவதை ஆய்வாளரே எடுத்துக்கூறி, கடன்சொல் ஒரு தொடரின் மொழியைத் தீர்மானிப்பதில்லை என விளக்குதல். பிறர் கொள்கையைக் கூறிப் பின் களைதல் நன்னூலின் எழுவகை மதங்களுள் ஒன்று.

5. முடிவு (1 நிமிடம்): தொடக்கத்தில் கூறிய முடிவைச் சான்றுகளோடு இணைத்து உறுதிப்படுத்தலும், எஞ்சியுள்ள ஆய்வுக்களத்தைச் சுட்டலும்.

6. ஒதுக்கம் (1 நிமிடம்): கருவிக் கோளாறு, இடையீடு, மேடையேறும் தாமதம் ஆகியவற்றுக்கு.

இப்பகுப்பில் முடிவு இருமுறை இடம்பெறுகிறது. அமர்வுத் தலைவர் ஆறாம் நிமிடத்திலேயே நிறுத்த நேர்ந்தாலும் ஆய்வின் முடிவு அவையைச் சென்றடைந்திருக்கும். இலக்கிய ஆய்வுரைகளில் ஆசிரியர் வரலாறு, நூலறிமுகம் ஆகியன பாதி நேரத்தைக் கவர்ந்துகொள்வது வழக்கம். துறைசார்ந்த அவையினர் அவற்றைப் பெரும்பாலும் அறிந்திருப்பர். அவர்கள் அறியாதது ஆய்வாளர் கண்டறிந்தது மட்டுமே.

நேரக் கணக்கும் ஒத்திகையும்

ஆய்வாளர் தம் கட்டுரையின் ஒரு பக்கத்தைக் கடிகாரத்தை வைத்து உரக்க வாசித்து, ஆகும் நேரத்தை அளந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடம் ஆகுமெனில், எட்டுப் பக்கக் கட்டுரைக்கு 24 நிமிடம் தேவை. பத்து நிமிடத்தில் அதனைக் கூற முயல்வது இயலாத செயல் என்பதை இக்கணக்கே உணர்த்திவிடும். தீர்வு வேகத்தைக் கூட்டுவதன்று, பொருளைக் குறைப்பது. கட்டுரையில் ஆறு சான்றுகள் இருப்பின், உரைக்கு வலிமையான இரண்டினைத் தெரிந்து, எஞ்சியன அச்சில் உள்ளன எனக் குறிப்பிடலாம். நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் குன்றக்கூறலும் மிகைபடக்கூறலும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது இங்கு நினைக்கத்தக்கது. முடிவைக் கூறாமல் விடுவது முதற்குற்றம். அதற்குக் காரணமாவது பெரும்பாலும் இரண்டாவது குற்றம்.

ஒத்திகை குறைந்தது இருமுறை நிகழ்தல் வேண்டும். முதல் ஒத்திகை தனியே, நேரத்திற்காக. இரண்டாவது, வேறு தலைப்பில் ஆய்வு செய்யும் ஒருவர் முன்னிலையில், தெளிவிற்காக. ஒத்திகை முடிந்ததும், உரையின் முடிவை அவர் தம் சொற்களில் திருப்பிக் கூறுமாறு கேட்க வேண்டும். அவரால் கூற இயலாவிடில் திருத்தம் தேவைப்படுவது உரைக்கே.

படவில்லைகளின் பயன்பாடு

1987ஆம் ஆண்டு அறிமுகமான பவர்பாயிண்ட் இன்று ஆய்வரங்குகளில் பரவலாகப் பயன்படுகிறது. அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். 2003ஆம் ஆண்டு கொலம்பியா விண்ணோட விபத்தை ஆராய்ந்த அமெரிக்க விசாரணைக் குழு, இன்றியமையாத பொறியியல் செய்தி ஒரு படவில்லையின் கீழ்நிலைக் குறிப்புகளுள் மறைந்துபோனதைச் சுட்டிக்காட்டியது. முதன்மைச் செய்தியைத் துணைக்குறிப்பாக்கினால் அது பார்வையில் படாது என்பது ஆய்வுரைக்கும் பொருந்தும்.

படவில்லை, வாசிப்பதற்குரிய பத்தியைத் தாங்கக் கூடாது; கண்ணால் கண்டு சரிபார்ப்பதற்குரிய சான்றைத் தாங்க வேண்டும். கல்வெட்டின் மைப்படி, சுவடியின் ஏடு, பாடவேறுபாட்டு அட்டவணை, கள ஒளிப்படம் ஆகியன அத்தகையன. தமிழில் எழுத்துருச் சிக்கலும் உண்டு. பழைய குறியேற்ற எழுத்துருக்களில் அமைந்த படவில்லைகள் அரங்கிலுள்ள கணினியில் குறியீடுகளாகச் சிதைந்து தோன்றும். 2010ஆம் ஆண்டு தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றறிவித்த பின்னரும் இச்சிக்கல் முற்றிலும் நீங்கவில்லை. ஒருங்குறியில் தட்டச்சு செய்வதும், பி.டி.எஃப் படியொன்றை உடன் கொண்டுசெல்வதும், அமர்வு தொடங்கும் முன் அரங்கக் கணினியில் திறந்து பார்ப்பதும் போதிய முன்காப்பாகும். மின்தடை ஏற்படினும் உரை நிகழ்வதற்கு, ஆறு பகுதிகளின் முதல் தொடர்களைக் கொண்ட ஒற்றைத் தாள் கையில் இருத்தல் நலம்.

வினாக்களை எதிர்கொள்ளல்

வினாவின் வகையை அறிந்து விடையளித்தலைத் தமிழ் இலக்கணம் நுட்பமாகக் கற்பிக்கிறது. நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுக்கிறது. அவற்றுள் ஆய்வரங்கில் மிகுதியாக எழுவன மூன்று. அறியா வினாவுக்கு விளக்கமும், ஐய வினாவுக்குச் சான்றும் வேண்டும். ஆய்வாளரின் பயிற்சியைச் சோதிக்கும் அறிவினாவுக்குச் சுருக்கமான நேர்விடை போதும். ஐய வினாவுக்கு நீண்ட விளக்கம் கூறினும், அறியா வினாவை எதிர்ப்பாகக் கருதினும் விவாதம் திசைமாறும். ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்ட வினாவிற்கு, அது தம் ஆய்வில் இடம்பெறவில்லை என ஒப்புக்கொள்வதே நேர்மையான விடை. எழக்கூடிய ஐந்து வினாக்களை முன்கூட்டி எழுதி, அவற்றுக்குரிய சான்றுகளைக் கூடுதல் படவில்லைகளாக இறுதியில் வைத்திருப்பது பொது வாய்மொழித் தேர்விலும் பயன்படும்.

முடிவுரை

ஆய்வுரையின் திட்டமிடல் முடிவிலிருந்து பின்னோக்கி அமைய வேண்டும். அவை அறிந்து செல்ல வேண்டிய ஒரு முடிவு, அதைத் தாங்கும் ஓரிரு சான்றுகள், அதற்கு எழக்கூடிய மறுப்பு, இவற்றுக்கு உரிய நேரம் என்னும் வரிசையே அதன் முறை. பாயிரம், உத்தி, வினா-விடை ஆகியன மாணவர்க்கு இலக்கணப் பாடமாகவே பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றன. அவற்றை ஆய்வுரைப் பயிற்சியின் கருவிகளாகவும் கொண்டு, துறைதோறும் ஆய்வாளர்க்கு ஒத்திகை அமர்வுகளை நடத்துவது எளிதில் இயலக்கூடியது. தனிச் செலவும் இல்லாதது. மொழி தமிழே என்னும் முடிவு 1924ஆம் ஆண்டின் அவையைச் சென்றடைந்ததால் அடுத்த தலைமுறை ஆய்வு அதன்மேல் எழுந்தது. மணி ஒலித்தபின் சொல்லப்படாது எஞ்சும் முடிவின்மீது எவரும் எதனையும் எழுப்ப இயலாது.