ஒரே மேட்டில் முளைத்த சுரப்பிகள்

சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பி கவிழ்த்தாற்போல் அமர்ந்திருப்பது அட்ரீனல் சுரப்பி. இதனை அண்ணீரகச் சுரப்பி என்றும் கூறுவர். நீரகத்தை அண்மியது என்பது பொருள். பெயர் இருப்பிடத்தைச் சொல்லுகிறதேயன்றிப் பிறப்பைச் சொல்லவில்லை. அதன் புறணியும், தொலைவிலுள்ள விந்தகமும் சூலகமும் கருவில் ஒரே திசுமேட்டிலிருந்து தோன்றியவையாம்.

மனிதக் கருவின் நான்காம் வாரமளவில் உடற்குழியின் உட்படலம், தற்காலிகச் சிறுநீரகத்தின் ஓரமாகத் தடிக்கிறது. சின்னாட்களில் அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கூறு அட்ரீனல் புறணியாகிறது. மற்றக் கூறில், கருவுணவுப் பையின் சுவரிலிருந்து புறப்பட்டுவரும் பாலணு முன்னோடிகள் குடியேறுகின்றன. ஆறு வாரங் கழிந்தபின், ஒய் குரோமோசோமிலுள்ள எஸ்.ஆர்.ஒய். மரபணு இயங்கின் அக்கூறு விந்தகமாகும். இன்றேல் பொதுவாகச் சூலகமாகும். அட்ரீனலின் உட்பகுதியோ நரம்பு முகட்டிலிருந்து பின்னர் வந்து புகுந்தது. ஒரு சுரப்பிக்குள் இரு குலங்கள்!

1994-இல், எஸ்.எப்.1 என்னும் மரபணு நீக்கப்பட்ட எலிக்குஞ்சுகள் அட்ரீனலுமின்றி இனச்சுரப்பியுமின்றிப் பிறந்து, சில நாட்களில் மாண்டன.

இவ்வுறவை மருத்துவர் மறத்தலாகாது. பிரிவினையின்போது அட்ரீனல் அணுக்கள் சில விந்தகத்தோடு போய்விடுவதுண்டு. பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி நோயுள்ள ஆண்களிடம், சிகிச்சை போதாதபோது, அத்தகைய அணுக்கள் கட்டியாகப் பெருகக்கூடும். அதனைப் புற்றெனக் கொண்டு விந்தகத்தையே அகற்றியதும் உண்டு. மருந்தின் அளவைத் திருத்தினாலே பல வேளைகளில் கட்டி சுருங்கிவிடும்.