கிருமியின் களஞ்சியம்

சேலத்திலிருந்து ஆத்தூருக்கும் ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டைக்கும் செல்லும் சாலைகளில், குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளிக்கிழங்கை அரைக்கும் பருவத்தில் பிரயாணம் செய்வோர் எவரும், சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைகளை அணுகும்போது காற்றில் கலந்துவரும் ஒரு புளித்த வாடையை உணராமல் இருக்க முடியாது. கிழங்கைக் கழுவி, தோலுரித்து, அரைத்து, திப்பியைப் பிரித்து, மாவுப்பாலைத் தொட்டிகளில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவை எடுத்துக்கொண்ட பின்னர் வடித்துவிடப்படும் நீரிலிருந்து எழுவது அந்த வாடை. முகத்தைச் சுளித்துக்கொண்டு நாம் கடந்துபோகும் அந்த நீரிலேதான், பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள்ளே கொழுப்பைப் போன்ற ஒரு பொருளைச் சேர்த்துவைப்பதற்கு வேண்டிய சூழ்நிலை ஏறக்குறைய முழுமையாக அமைந்திருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது கடல் கடந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மாவும் நின்றுபோகவே, 1943-ஆம் ஆண்டு வாக்கில் சேலத்தில் தோன்றிய இத்தொழில், 1981-இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டு, 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீட்டையும் பெற்றுத் தந்தது. மாவின் சரித்திரம் இவ்வாறு கீர்த்தியுடன் வளர்ந்திருக்க, நீரின் சரித்திரமோ நெடுங்காலம் ஓடைகளையும் கிணறுகளையும் கெடுத்த சரித்திரமாகவே இருந்துவந்தது.

அந்நீரின் மதிப்பை உணர, பாக்டீரியாவின் சேமிப்புக் குணத்தை முதலில் அறிய வேண்டும். ஓர் உயிரணு வளர்ந்து இரண்டாகப் பிரிய வேண்டுமானால், அதற்குக் கரிச்சத்து மட்டும் போதாது. புரதங்களை ஆக்குவதற்கு நைட்ரஜனும், வேறு பல காரியங்களுக்குப் பாஸ்பரஸும் இன்றியமையாதவை. கரிச்சத்து ஏராளமாகக் கிடைத்தும் நைட்ரஜன் அருகிப்போன இடத்தில் அகப்பட்டுக்கொள்ளும் பாக்டீரியா, வளரவும் இயலாமல், கிடைத்ததை வீணாக்கவும் மனமில்லாததுபோல், மிகுதியை உள்ளே சேமிக்கத் தொடங்குகிறது. சர்க்கரையாகவே அதைத் தேக்கிவைத்தால், கரைந்த சர்க்கரை வெளியிலுள்ள நீரை உள்ளிழுத்து, உயிரணுவின் உட்புற அழுத்தத்தை அபாயகரமாக உயர்த்திவிடும். ஆதலால், நொதிகள் மூன்றின் துணைகொண்டு சிறு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைத்து, நீரில் கரையாத நீண்ட சங்கிலியாக்கி, புரதப் போர்வை போர்த்திய நுண்மணிகளாக அது தன் உடலில் பத்திரப்படுத்துகிறது. மழை பொய்க்கும் ஆண்டை எண்ணி சேலத்துச் சமவெளிக் குடியானவர்கள் சோளத்தையும் கம்பையும் குதிரில் கொட்டிவைத்த முன்யோசனை எதுவோ, அதுவே மனமும் மூளையும் இல்லாத இந்த ஜீவனிடத்திலும் காரியப்படுகிறது. உணவு தீர்ந்த நாளில் அந்த மணிகள் கரைக்கப்பட்டு, உயிர் காக்கும் சக்தியாகின்றன.

இந்த மணிகள் சூடான் கறுப்பு போன்ற கொழுப்புச் சாயங்களை ஏற்று நிறம் பெறுவதால், இவற்றைக் கொழுப்பென்றே பலர் கருதினர். 1926-இல், பிரான்ஸ் தேசத்துப் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த மொரீஸ் லெமுவான் என்னும் அறிஞர், பாசில்லஸ் மெகாடேரியம் என்ற பாக்டீரியாவிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்து, இது பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்னும் பாலியெஸ்டர் வகை என்று தெளிவுபடுத்தினார். நைட்ரஜனைவிடக் கரிச்சத்து மிகும்போது இச்சேமிப்பும் மிகுகிறது என்பதை, 1958-இல் மெக்ரே, வில்கின்சன் ஆகிய இருவரும் ஆராய்ந்து காட்டினர். தகுந்த சூழ்நிலையில், உலர்ந்த உடல் எடையில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேலும் இப்பொருளாகவே ஆகிவிடக்கூடிய பாக்டீரியாக்கள் உண்டு.

நம் உடலில் உள்ளது போன்ற மெய்க் கொழுப்பையே சேமிப்பவையும் உண்டு. மண்ணில் வாழும் ரோடோகாக்கஸ் இனம் அவற்றுள் பிரசித்தமானது. காசநோய்க் கிருமியோ, நம் உயிரணுக்களின் கொழுப்பையே கவர்ந்து தனதாக்கிக்கொண்டு, வளர்ச்சியை நிறுத்தி உறங்கிக் கிடக்கும் ஆற்றல் பெற்றது. அத்தகைய மந்த நிலையிலுள்ள கிருமிகளை மருந்தால் எளிதில் அழிக்க முடியாமையும், அந்நோய்க்கு மாதக்கணக்கில் இடைவிடாது மருந்து உண்ண வேண்டியிருப்பதற்கு ஒரு காரணம். அதே சேமிப்புக் குணம் நமக்கு நன்மை செய்வதையும் காணலாம்: நம் உழவர்கள் வயலில் இடும் அசோஸ்பைரில்லம் என்னும் உயிர் உரத்துப் பாக்டீரியா, உள்ளே மணிகளை நிரம்பச் சேர்த்திருக்குமானால், வறட்சியையும் பட்டினியையும் அதிகமாகத் தாங்கி நிற்கிறது.

இனி, ஆலை நீருக்கு வருவோம். கிழங்கு மாவில் பெரும்பகுதி கரிச்சத்து, புரதமோ சொற்பம். ஆகவே அந்நீரில் கரிச்சத்து மிகுந்தும் நைட்ரஜன் குறைந்தும் இருப்பது இயல்பு. அதன் புளிப்பு வாடைக்குக் காரணமாகிய அசிட்டிக், பியூட்டிரிக் முதலிய அமிலங்களோ, இம்மணிகளை ஆக்கும் பாக்டீரியாக்களுக்கு உகந்த ஆகாரம். உணவையும் பட்டினியையும் மாறி மாறி அளித்தால், சேமிக்கத் தெரிந்த இனங்களே தழைத்து, சேமிக்காதவை பின்தங்கும் என்பதையும் விஞ்ஞானிகள் அறிந்திருக்கின்றனர். மரவள்ளி மாவிலும் அதன் கழிவிலும் இத்தகைய பாக்டீரியாக்களை வளர்க்கும் ஆராய்ச்சிகள் பல நாடுகளில் நடந்துள்ளன. இவ்வாறு கிடைக்கும் பொருள், உருக்கி வார்க்கத்தக்க பிளாஸ்டிக். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே அதைச் சிதைத்து மீண்டும் இயற்கையோடு சேர்த்துவிடுகின்றன.

தடையாக நிற்பது விலை. மணிகளை உயிரணுவிலிருந்து பிரித்தெடுக்கும் செலவும், வளர்ப்புக்கான உணவின் செலவும் கூடி, இதைப் பெட்ரோலியப் பிளாஸ்டிக்கைவிட உயர்ந்த விலைக்கு ஏற்றிவிடுகின்றன. ஆயினும், அவ்விரண்டு செலவுகளுள் ஒன்றாகிய உணவு, இந்தச் சமவெளியில் கழிவென்று விடப்படும் நீரிலேயே இருக்கிறது. அந்நீரிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன்களைப் பல ஆலைகள் அமைத்துக்கொண்டது பாராட்டத்தக்க முதற்படி. ஆனால் எரிந்து தீரும் வாயுவுக்கும் மேலான பண்டம் ஒன்று அதே அமிலங்களில் அடங்கியிருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குகளை 2019 ஜனவரி முதல் தடைசெய்த மாநிலம் நம்முடையது. தடைசெய்த பொருளுக்கு மாற்றைத் தேடுவதும் அதே கடமையின் மறுபாதியல்லவா? சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகமும், ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும், ஆலை உரிமையாளர்களும் ஒன்றுகூடி, ஓர் ஆலையின் நீரிலாவது இம்முயற்சியைச் சோதித்துப் பார்ப்பார்களானால், விலையைப் பற்றிய வாதம் ஊகத்தை விட்டு நீங்கிக் கணக்கின்மேல் நிற்கும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதற்கு நம் சமவெளியைவிடத் தகுதியான இடம் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.