பிரேக்கில் ஏர் எடுப்பது ஏன்?

குழந்தைகளே, ஊசி இல்லாத புதிய சிரிஞ்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டைப் பாதிவரை இழுத்து, முனையை விரலால் அடைத்து, தண்டை அழுத்துங்கள். உள்ளே போகிறதா? கையை எடுத்ததும் திரும்பி வருகிறதா? இப்போது குமிழே இல்லாமல் தண்ணீர் நிரப்பி, அதேபோல் அழுத்துங்கள். தண்டு அசையாது.

காற்றின் மூலக்கூறுகளுக்கு இடையே நிறைய இடைவெளி உண்டு. அழுத்தினால் அவை நெருங்கிவிடும். திரவத்திலோ அவை ஏற்கெனவே நெருங்கித்தான் இருக்கின்றன.

மாருதி 800 போன்ற பழைய காரின் பிரேக், திரவத்தின் இந்தச் சுருங்காத குணத்தை நம்பித்தான் இருக்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன், பிரேக் ஆயிலை அழுத்தும். மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் கண்டறிந்தார். அந்த விதிப்படி அழுத்தம் குழாய்கள் வழியே சக்கரங்களுக்குப் போய்ச் சேர்கிறது.

குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால்? மிதிக்கும் மிதியில் ஒரு பகுதி அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் மெத்தென்று உள்ளே போகும். பிரேக் சரியாகப் பிடிக்காது.

அந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் மெக்கானிக்குகள் ‘ஏர் எடுப்பது’ என்கிறார்கள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருப்பார். இன்னொருவர் சக்கரத்தின் பக்கம் உள்ள சிறிய நிப்பிளைத் திறப்பார். அதில் மாட்டிய கண்ணாடிபோன்ற டியூப் வழியே ஆயிலும் குமிழும் பாட்டிலுக்குள் வரும். பெடலை விடுவதற்கு முன்பே நிப்பிளை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்று மறுபடி உள்ளே இழுக்கப்படும். குமிழ் நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். மேலே உள்ள ஆயில் டப்பாவும் காலியாகக் கூடாது.

பல பழைய கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவார்கள். நம் நாட்டில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். அப்படியென்றால் தொலைவான சக்கரம் எது? ஆம், பின்பக்க இடது சக்கரம்!

ஒரு எச்சரிக்கை: பிரேக் ஆயில் கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதி, கார் பெயின்ட்டையும் அரிக்கும். இது பெரியவர்கள் செய்யும் வேலை. நீங்கள் தள்ளி நின்று கவனியுங்கள்.

பழைய ஆயிலை மாற்றவும் வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைப் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். மலைச்சரிவில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது கடுமையாகச் சூடாகும். ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். பெடல் உள்ளே போய்விடும்!

அதனால்தான் நல்ல ஓட்டுநர்கள் மலையிறங்கும்போது தாழ்ந்த கியரில் வருகிறார்கள். வேகத்தை என்ஜினே கட்டுப்படுத்தும். பிரேக் அதிகம் சூடாகாது. அடுத்த முறை ஊட்டியிலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ இறங்கும்போது, எந்த கியரில் வண்டி வருகிறது என்று பாருங்கள்.